தெமெங்கோர் ஏரிக்குத் தூண்டில்காரர்களை அழைத்துப் போக: மட்டம் பார்த்து நாள் குறிப்பது முதல் கரை சேர்ப்பது வரை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தூண்டில் பிடிக்கத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை குறைவு. வாய்க்காலில் விரால், குட்டையில் திலாப்பியா, ஆற்றில் லம்பாம் என்று கை பழகிவிடுகிறது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வரும் ஆட்களைத் தெமெங்கோர் ஏரிக்கு அழைத்துப் போய்த் தோமான், செபாராவ் என்ற மீன்களைப் பிடிக்க வைக்கலாம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கானது இந்தக் குறிப்பு. மீன் பிடிக்கத் தெரிவது இதில் பாதி வேலைதான். மீதிப் பாதி ஏரி மட்டம், எஞ்சின், எண்ணெய்க் கணக்கு, வானம், வந்தவர்களின் பத்திரம்.

மாதத்தைக் கேட்பார்கள், நீங்கள் மட்டத்தைப் பாருங்கள்

தெமெங்கோர் இயற்கை ஏரி இல்லை. பேராக் ஆற்றின் மேல்பகுதியில் 127 மீட்டர் உயர அணை கட்டி, காட்டை மூழ்கடித்து உண்டாக்கிய நீர்த்தேக்கம். பரப்பு சுமார் 15,200 ஹெக்டர். தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். மூழ்கிய மரங்கள் இன்னும் நிற்கின்றன. மழை பெய்தால் நீர் ஏறும், மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் இறங்கும். அதனால் போன வருஷம் மார்ச்சில் மீன் அள்ளிக் கொடுத்த முனை, இந்த வருஷம் அதே மார்ச்சில் வெறும் செம்மண் மேடாக நிற்கலாம்.

பொதுவாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடி மட்டம் உயரும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் காய்ந்து நீர் தெளியும். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல வருஷங்களில் நீர் குறைந்து கிடக்கும். இதைத் தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் குறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது, காட்டு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே தெரியும் செம்மண் பட்டை. பட்டை அகலமாகிக்கொண்டே போனால் நீர் இறங்குகிறது. பட்டையே இல்லாமல் புல்லும் செடியும் தண்ணீரில் நின்றால் நீர் ஏறியிருக்கிறது.

ஏரிக்குப் படகு ஏறும் பூலாவ் பண்டிங் ஜெட்டியில் உங்களுக்குப் பழக்கமான படகோட்டி ஒருவரிடம் பேசி, வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று அதே பட்டமரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சும்மா கேட்காதீர்கள், அதற்கென்று ஒரு தொகை கொடுங்கள். நான்கு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஏரி எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

மூன்று நான்கு நாளாக மட்டம் அசையாமல் இருந்தால் மீன் தன் இடத்தில் நிற்கும். ஆள் கூட்டிப் போக அதுதான் நல்ல நேரம். நீர் மெதுவாக ஏறும்போது தோமான் புல்லுக்குள் நுழையும், ரப்பர் தவளைக்கு வேலை வரும். வேகமாக இறங்கும்போதுதான் சிரமம். கரையோர மீன் ஆழத்துக்கு நகர்ந்துவிடும், புதிதாக வந்தவர் நாள் முழுக்க வீசிக் கை வலித்துத் திரும்புவார். அப்படிப்பட்ட வாரத்தில் முன்பணம் வாங்கியிருந்தாலும் வாடிக்கையாளரை அழைத்து, "அண்ணே, தண்ணி இறங்குது, ரெண்டு வாரம் தள்ளிப் போடலாமா?" என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் ஆழத்தில் ஓடும் கெவாங் (செயற்கை இரை) கொண்டுவரச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கு நம் ஆட்களுக்கே உரியது. புரட்டாசியில் பல வீடுகளில் மீன் கிடையாது, தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களும் வரமாட்டார்கள். அந்த வாரங்களில் பயணம் விற்க முயலாமல் நீங்களும் படகோட்டியும் மட்டும் ஏரிக்குப் போய் மூழ்கிய மரங்களை அடையாளம் பாருங்கள். நீர் இறங்கிக் கிடக்கும் நேரமாக அது அமைந்தால் மறைந்திருக்கும் கட்டைகளும் மேடுகளும் கண்ணுக்கே தெரியும். அவற்றை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தால், நீர் ஏறிய பிறகு மற்றவர்களுக்குத் தெரியாத இடம் உங்களுக்குத் தெரியும்.

உரிமமும் அனுமதியும்

இதைச் சுருக்கமாகச் சொன்னாலும் தட்டிக்கழிக்க வேண்டாம். சுற்றுலாத் தொழில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. காசு வாங்கி வழிகாட்டுவதற்கு உரிமம் வேண்டும். உரிமம் கிடைக்கும்வரை நீங்களாகக் காசு வாங்கி வழிகாட்டாதீர்கள். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு வடக்கே உள்ள ரோயல் பெலும் மாநிலப் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். எல்லோருடைய பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் தேவைப்படும். உங்கள் சொந்த வேனில் ஆளேற்றி அதற்குக் காசு வாங்காதீர்கள். வாடகைப் பயணி உரிமம் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி நிற்காது. வாடிக்கையாளர் அவரவர் காரில் வரட்டும்.

சாலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாகங்சார், லெங்கோங், கிரிக் வழியாகப் பண்டிங் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். கிரிக்குக்கு அப்பால் இரவில் யானை சாலையைக் கடக்கும். விடியற்காலை மீனைப் பிடிக்கிறோம் என்று இருட்டில் அந்தப் பகுதியில் கார் விரட்டச் சொல்லாதீர்கள். மதியம் போய், மாலை வீச்சு முடித்து, படகு வீட்டில் தங்கி, மறுநாள் காலை வீசித் திரும்பும் இரண்டு நாள் ஏற்பாடே சரி.

படகு, எஞ்சின், எண்ணெய்

16 அடிப் படகில் படகோட்டியைத் தவிர வீசுபவர் இரண்டு பேர் மட்டும். மூன்றாவது ஆளை ஏற்றினால் வருமானம் கூடும், ஆனால் கொக்கி யாருடைய காதிலாவது ஏறும்.

15 குதிரைச் சக்தி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 6 லிட்டர் அளவில் பெட்ரோல் குடிக்கும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு 12 லிட்டர், நான்கு மணி நேரம் மெல்ல நகர்ந்து மீன் பிடிக்க 6 லிட்டர், ஆக 18. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாக வையுங்கள்: 24 லிட்டர். அதாவது ஒரு 25 லிட்டர் தொங். 50க்கு 1 என்ற கலவையில் அதற்கு 500 மில்லி டூடி (2T) எண்ணெய் வேண்டும். முதலில் எண்ணெயை ஊற்றி அதன்மேல் பெட்ரோல் ஊற்றினால் நன்றாகக் கலக்கும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் கடிக்கும், கூடினால் பிளக் கறுத்து நடு ஏரியில் எஞ்சின் இருமும். மாற்றுப் பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், விசிறி (புரொப்பெல்லர்) ஒன்று, அதன் ஊசி நான்கு, பிளையர் ஆகியவை ஒரு மூடும் டப்பாவில் எப்போதும் படகிலேயே இருக்கட்டும். துடுப்பு இரண்டு.

மூழ்கிய கட்டையில் இடிப்பது இந்த ஏரியில் எப்போதாவது நடந்தே தீரும். போன மாதம் மூன்று மீட்டர் அடியில் கிடந்த மரம், நீர் இறங்கியதும் ஒரு சாண் அடியில் காத்திருக்கும். கரையிலிருந்து 50 மீட்டருக்குள் வந்தால் வேகத்தைக் குறைத்து, முன்னால் உட்கார்ந்தவரைத் தண்ணீரைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் அணைக்கும் கயிறு ஓட்டுபவர் மணிக்கட்டில் இருக்க வேண்டும். இடித்துவிட்டால் உடனே அணைத்து, எஞ்சினைத் தூக்கி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை என்றால் விசிறிக்குள் இருக்கும் ரப்பர் வழுக்குகிறது. மாற்று விசிறி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் குறைந்த வேகத்தில் ஊர்ந்து வந்துவிடலாம். முறுக்கினால் ரப்பர் முழுதும் போய், துடுப்புதான் கதி.

தூண்டில் சாமான்

தோமானுக்கும் செபாராவுக்கும் ஒரே கோல் போதும் என்று சொல்லி விற்கிறார்கள். கேட்க வேண்டாம். தோமானுக்கு 6 முதல் ஆறரை அடிக் கோல், 40 முதல் 60 பவுண்டுப் பின்னல் நரம்பு (தூண்டில் நூல்), அதன் முனையில் 60 முதல் 80 பவுண்டு முன்நரம்பு ஒரு முழம். தோமானின் பல் கத்தி போன்றது. 20 சென்டிமீட்டர் கம்பித் துண்டு போட்டால் கெவாங் மிஞ்சும். செபாராவுக்கு 20 முதல் 30 பவுண்டு நரம்பு, 30 பவுண்டு முன்நரம்பு, 7 முதல் 14 கிராம் கரண்டி வடிவ இரை அல்லது 7 முதல் 9 சென்டிமீட்டர் மீன்வடிவக் கெவாங். செபாராவுக்குக் கம்பி போட்டால் தெளிந்த நீரில் அது பார்த்துவிட்டு ஒதுங்கும்.

கடையில் வாங்கிய கெவாங்கில் இருக்கும் மும்முனைக் கொக்கியை அப்படியே விடாதீர்கள். தோமான் ஒரே திருப்பில் அதை நிமிர்த்திவிடும். தடித்த கொக்கியாக மாற்றி, வளையத்தையும் மாற்றி, கொக்கியின் முள்ளைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். முள் நசுக்கிய கொக்கி மீனின் வாயிலிருந்தும் மனிதன் கையிலிருந்தும் வந்த வழியே வெளியே வரும். நரம்பு தொய்யாமல் இழுத்தால் மீன் தப்பாது.

பின்னல் நரம்பையும் முன்நரம்பையும் சேர்க்கும் முடிச்சை வாடிக்கையாளரிடம் விடாமல் நீங்களே போட்டுக் கொடுங்கள். இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஒரு சாண் படுக்க வையுங்கள். பின்னல் நரம்பின் முனையால் ஒரு வளையம் பிடித்து, அதற்குள்ளாகவே இரண்டு நரம்பையும் சேர்த்து 8 சுற்று. முன்நரம்பின் முனையால் அதேபோல் மறுபக்கம் 4 சுற்று. அது தடிப்பு, அதற்குமேல் போட்டால் முடிச்சு இறுகாது. இரண்டையும் எச்சிலால் நனைத்து, மெல்ல இழுத்து, ஒன்றோடொன்று முட்ட வையுங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசல் சூட்டில் நரம்பு வெந்து, பார்வைக்கு நன்றாக இருந்தும் முதல் மீனிலேயே அறும். முனையை ஒட்டி வெட்டிவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு பலமாக இழுத்துச் சோதியுங்கள்.

ரீலின் பிடிமானத்தைக் கணிப்பில் விடாதீர்கள். பெட்டி நிறுக்கும் சிறு தராசைக் கொக்கியில் மாட்டி இழுங்கள். 50 பவுண்டு நரம்புக்கு 5 முதல் 6 கிலோவில் ரீல் நரம்பை விட வேண்டும். புதியவர் பயத்தில் திருகை இறுக்கிவிடுவார், நரம்பு அறுந்துபோகும். இல்லையென்றால் தளர்த்திவிடுவார், தோமான் நேராக மரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

தண்ணீரில்

வீசும் முன் ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துக் கொடுங்கள். முன்னால் நிற்பவர் இடது கரை, பின்னால் நிற்பவர் வலது கரை. தலைக்கு மேல் வீசலாம், ஆனால் வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கண்ணாடியும் தொப்பியும். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல.

செபாராவ் காலை வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரத்தில் ஆற்று வாயிலும் பாறைக் கரையிலும் வேட்டையாடும். சின்ன மீன் கூட்டம் மேலே சிதறித் துள்ளினால் அதன் நடுவில் வீசாமல் ஓரத்தைத் தாண்டி வீசி, கூட்டத்தின் விளிம்பில் இழுத்து வாருங்கள். மழை பெய்து ஆறு கலங்கினால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கலங்கல் வடிந்து, தேத்தண்ணி நிறம் தெளியத் தொடங்கும் நாளில் ஆற்று வாய் நன்றாக இருக்கும்.

தோமான் மூச்சுக்கு மேலே வரும் மீன். செவுளால் மட்டும் அதனால் பிழைக்க முடியாது. நின்ற தண்ணீரில் "களுக்" என்று ஒரு சுழி தெரிந்தால் அது காற்றுக் குடித்துவிட்டு இறங்குகிறது. மூன்று எண்ணுவதற்குள் அதன் முகம் போன பக்கம் ஒரு மீட்டர் தள்ளிக் கெவாங் விழ வேண்டும். சுழியின் மேலேயே போட்டால் வாலில்தான் விழும். அடித்ததும் கோலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து, முதல் ஐந்து சுற்று ரீலை நிறுத்தாமல் சுற்றச் சொல்லுங்கள். மரத்திலிருந்து மீனைப் பிரிப்பது அந்த ஐந்து சுற்றுதான்.

குஞ்சுப் பந்து பற்றி நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். தோமான் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றாகச் சேர்ந்து சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றுக் குடிக்கும்போது, தண்ணீர் ஒரு தட்டு அகலத்துக்கு உலை அரிசி போலக் கொதிக்கும். பிறகு சட்டென்று அடங்கும். அதன் கீழேயே தாயும் தகப்பனும் நிற்கும். பந்துக்குள் எதைப் போட்டாலும் பசியில்லாமலே கோபத்தில் கடிக்கும், அதனால்தான் பல பேர் இதைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள். காவல் மீனைக் கரைக்குக் கொண்டு போன அன்றே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அடுத்த மூன்று வருஷத்து மீன் அந்தப் பந்தில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரை அழைத்துப் போய்க் காட்டுங்கள், கண்கொள்ளாக் காட்சி அது. ஆனால் வீச விடாதீர்கள். தெரியாமல் மாட்டினால் படகில் ஏற்றாமல் நீரிலேயே கொக்கியைக் கழற்றி, அதே இடத்தில் விடுங்கள்.

விடும் மீனைப் பிடிக்கும் முறை இரண்டுக்கும் வேறு. தோமான் முரட்டு மீன். ஆனால் 6, 7 கிலோ மீனைத் தாடைப் பிடியில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடை இற்றுவிடும். ஒரு கை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள். செபாராவ் பார்க்க முரடு, உள்ளே மெல்லியது. நனைத்த கையால் பிடித்து, ஒரே ஒரு படம் எடுத்து, அரை நிமிஷத்துக்குள் தண்ணீரில் வைத்து, வால் தானாக உதறும்வரை தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருங்கள். கெலா மீன் மாட்டினால் விட்டுவிடுங்கள்.

ஆற்று வாய்களில் ஜஹாய், தெமியார் பூர்வகுடி மக்களின் வலை இருக்கும். எஞ்சினை அணைத்துத் துடுப்பால் சுற்றிப் போங்கள். அவர்களில் ஒருவரைப் படகோட்டியாக வைத்துக்கொள்ள முடிந்தால் நியாயமான கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏரியை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. படகோட்டி முஸ்லிம் என்றால் அவர் படகில் பன்றியும் பீரும் ஏறக்கூடாது. நம் ஆட்களில் மாடு சாப்பிடாதவர்கள் இருப்பார்கள், சட்டியைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் முன்பணம் வாங்கும்போதே பேசிவிட்டால் ஏரியில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

வானமும் காயமும்

இடி பெரும்பாலும் பிற்பகலில் வரும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் வீச்சு முடிந்தது. கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். எல்லாக் கோலையும் படுக்க வைத்து, கரை ஒதுங்கி, தனி மரத்தடியைத் தவிர்த்துத் தாழ்வான இடத்தில் உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருக்கும் நேரமாகத்தான் அது இருக்கும். வாடிக்கையாளர் "இன்னும் ஒரு வீச்சு, பாஸ்" என்பார். அந்த ஒரு வீச்சைக் கொடுக்காதீர்கள்.

கொக்கி கையில் ஏறினால், முள் நசுக்கியிருப்பதால் வந்த வழியே இழுத்துக் கழுவிக் கட்டலாம். கண்ணுக்கு அருகில், கழுத்தில், மூட்டில் ஏறினால் தொடவே கூடாது. கெவாங்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, கொக்கி அசையாமல் கட்டி, கிரிக் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிதண்ணீர், கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது. காலில் புண் இருந்தால் கரையில் வெறுங்காலோடு இறங்கவும் கூடாது, எலிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. ஜெட்டியைத் தாண்டி உள்ளே போனால் கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்களே அதிகம். எந்தக் கிளை ஆற்றுக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஜெட்டியில் ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும் எழுதிக் கொடுங்கள்.

புதியவர்களுக்கு அரை நாள்

முதல்முறை ரீல் பிடிப்பவரை நேராக ஏரிக்குக் கூட்டிப் போனால் நரம்புச் சிக்கு எடுப்பதிலேயே நாள் போகும். கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளில் ராஜா மீன் இருக்கிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மயில் பாஸ்தான் அது. வெயிலை விரும்பும் மீன், காலை எட்டு முதல் பதினொன்றுவரை 5 முதல் 7 சென்டிமீட்டர் கெவாங்குக்கு நன்றாக வரும், 12 பவுண்டு நரம்பு போதும். குட்டையின் கரை மணல், சரிந்தால் நேராக ஆழம். யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். நிலத்தின் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். ராஜா மீனை உயிரோடு வேறு குட்டைக்கோ ஆற்றுக்கோ கொண்டு போய் விடவே கூடாது; நம் ஊர்ச் சிறுமீன்களை அது தின்று ஒழிக்கும்.

கணக்கு

எண்ணெய், படகோட்டி கூலி, படகு வீட்டில் ஆள் பங்கு, சாப்பாடு, அனுமதிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு, தொலையும் கெவாங்குக்கும் தேயும் விசிறிக்கும். அதற்குப் பிறகுதான் உங்கள் கூலி. பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். மழையாலோ மட்டத்தாலோ நீங்கள் தள்ளிப் போட்டால் முன்பணம் அப்படியே அடுத்த தேதிக்கு மாறும், அவர் கடைசி மூன்று நாளில் விலகினால் திரும்பாது என்று முதலிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள். மீன் எண்ணிக்கைக்கு மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்த இரவே, தூங்கும் முன், ஒரு நோட்டில் தேதி, செம்மண் பட்டையின் அகலம், நீரின் நிறம், எந்த முனை, எத்தனை மணி, எந்தக் கெவாங், எத்தனை லிட்டர் எண்ணெய் என்று எழுதுங்கள். அடுத்த முறை படகோட்டி அனுப்பும் படத்தில் அதே அகலத்துக்குப் பட்டை தெரியும்போது, எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று அந்த நோட்டைப் புரட்டினால் கிடைத்துவிடும்.